புறவாசல் வேட்பாளர்

நடந்தவற்றை முதலில் வரிசையாக எழுதிவிடுகிறேன்.

1. இருபத்தாறு வருடமாக எங்கள் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் வியாகுலமேரி, சென்ற சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதியில் சுயேச்சையாக நின்றார்.

2. அவரை முன்மொழிந்து கையெழுத்துப் போட்ட பத்துப் பேரில் என் அம்மாவும் ஒருவர். அப்பாவுக்கு அது தெரியாது.

3. அம்மாவின் கண் அறுவை சிகிச்சைக்காக நான் அப்போது ஊரில் இருந்தேன். வேட்புமனுவை நிரப்பிக் கொடுத்தது நான்.

4. எப்படி ஓட்டுக் கேட்க வேண்டும் என்று திட்டம் போட்டுக் கொடுத்ததும் நான். அந்தத் திட்டம் ஒரே நாளில் தோற்றது.

5. பிறகு அவர் தன் வழியில் கேட்டார்.

6. ஏறக்குறைய ஓராண்டு கழித்து, சென்ற மாதம், இங்கே ஐந்தோவனில் என் பக்கத்து வீட்டுப் பெண்மணி என்னைப் பின்பக்கமாக வரச் சொன்னார்.

7. ஆறாவது நடந்த பிறகுதான் ஐந்தாவது எனக்குப் புரிந்தது.

ஆகவே ஆறாவதிலிருந்து தொடங்குகிறேன்.

ஐந்தோவன் நெதர்லாந்தின் தெற்கே இருக்கும் நகரம். இங்கே வந்து ஏழு வருடம் ஆகிறது. இயந்திரங்களுக்கான மென்பொருளைச் சோதிப்பது என் வேலை. ஒன்று எப்படியெல்லாம் தவறிப்போகக்கூடும் என்று பட்டியல் எழுதி, ஒவ்வொன்றாகத் தவறச் செய்து பார்க்க வேண்டும். பட்டியல் போடுவது வேலையால் வந்த பழக்கமா, பழக்கத்தால் இந்த வேலைக்கு வந்தேனா என்று சொல்லத் தெரியவில்லை. வீட்டில் கணவர் ஜெபின், ஆறு வயது மகள் ஹன்னா. நாங்கள் தமிழில் கேட்டால் அவள் டச்சில் பதில் சொல்கிறாள். மீன் வரை என்றால் ஒரு செவ்வகம் வரைகிறாள், ஏனென்றால் அவள் தட்டில் மீன் அப்படித்தான் வருகிறது.

பக்கத்து வீட்டு கோரி ஓய்வுபெற்ற செவிலியர். அவரிடம் வாங்கிய கேக் அச்சைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். மணி அடித்தேன். கதவுக்குப் பின்னால் எதையோ நகர்த்தும் சத்தம். பாதி திறந்த கதவின் வழியே அச்சை வாங்கிக்கொண்டு, இனிமேல் மணி அடிக்காதே, பின்பக்கமாக வா என்றார். சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். என் காது இரண்டும் சூடாக இருந்தன. ஏழு வருடம் வரி கட்டியாகிறது, மொழித் தேர்வில் தேறியாகிவிட்டது, குடியுரிமை விண்ணப்பம் நகராட்சி மேசையில் இருக்கிறது. பின்பக்கமாக வா என்கிறார்.

மறுநாள் அலுவலகத்தில் இந்தப் பகுதியிலேயே பிறந்த ஒருவரிடம் சொன்னேன். அவர் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். அந்தத் தெருவுக்கு நீ போய் எத்தனை நாளாகிறது என்று கேட்டார். இரண்டு வருடம் என்றேன். தான் பதினொரு வருடமாக இருக்கும் தெருவில் ஒருவர்கூடத் தன்னை அப்படிக் கூப்பிட்டதில்லை என்றார். இந்தப் பக்கத்தில் முன்வாசல் மணி என்பது பார்சல் கொண்டுவருகிறவருக்கும் முன்பின் தெரியாதவர்களுக்கும். வீட்டு மனிதர்கள் தோட்டத்துப் பாதை வழியாகச் சமையலறைக் கதவைத் தட்டாமல் திறந்துகொண்டு வருவார்கள்.

டச்சு வகுப்பில் வீட்டின் பாகங்கள் என்று ஒரு பட்டியல் கொடுத்திருந்தார்கள். பின்கதவு அதில் பதினான்காவது சொல். எந்தக் கதவில் யார் வருவார்கள் என்று அதில் இல்லை. எங்கள் ஊரில் அதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருந்ததில்லை.

எங்கள் வீடு நாகர்கோவிலிலிருந்து பூதப்பாண்டிக்குப் போகும் சாலையை ஒட்டிய ஒரு கிராமத்தில். முன்வாசலில் வருகிறவர்கள் போதகர், கல்யாணத்துக்கு அழைக்க வருகிறவர்கள், அப்பாவோடு அரசு அலுவலகத்தில் வேலை பார்த்தவர்கள், தேர்தல் சமயத்தில் கட்சிக்காரர்கள். புறவாசலில் தேங்காய் வெட்டுகிறவர், பால்காரர், மீன்.

மீன் எப்படி வரும் என்று சொல்ல வேண்டும். எங்கள் தொகுதி கடற்கரையில் தொடங்கி வயல்களைத் தாண்டி மலையடிவாரம் வரை போகிறது. வியாகுலமேரி கடற்கரைக்காரர். விடியும்போது கரையில் மீன் எடுத்து, வாயகன்ற அலுமினியச் சருவத்தில் நிரப்பி, பேருந்தில் உள்ளே வந்து இறங்குவார். பிறகு தலையில் சுமந்து தெருத்தெருவாக நடை. சாளை, நெத்திலி, அயிலை, கிடைத்த நாளில் பாறை. சருவம் நிறைந்திருக்கும்போது தனியாக இறக்கி வைக்க முடியாது. அதனால் ஒவ்வொரு புறவாசலிலும் நின்று குரல் கொடுப்பார். அடுக்களையிலிருந்து ஒரு பெண் வந்து விளிம்பைப் பிடித்து இறக்கிவிட வேண்டும். வியாபாரம் முடிந்ததும் மறுபடி பிடித்துத் தலையில் ஏற்றிவிட வேண்டும். வீட்டுக்கு இரண்டு முறை, எண்பது வீடு.

துவைக்கும் கல்லில்தான் சருவத்தை வைப்பார். அவர் போன பின் அந்தக் கல்லில் இரண்டு செம்பு தண்ணீர் ஊற்றுவது சிறுவயதில் என் வேலை. வாடைக்கு என்பார்கள். பால்காரர் போன பின் யாரும் எதிலும் தண்ணீர் ஊற்றியதில்லை. எங்கள் வீட்டில் அவர் பெயர் மீன்காரி. முழுப்பெயரை நான் முதன்முதலில் எழுதியது வேட்புமனுவில்தான்.

அவர் ஏன் நின்றார் என்பது சிறிய கதை. காலை ஆறேகால் பேருந்தை நிறுத்திவிட்டார்கள். மீன்காரப் பெண்கள் இருபது பேர் அதில்தான் உள்ளே வருவார்கள். அடுத்த பேருந்தில் வந்தால் ஏழு மணி மீன் ஒன்பது மணிக்கு வந்து சேரும். அதற்குள் வேலைக்குப் போகிற வீடுகளில் சமையல் முடிந்திருக்கும். மனுக் கொடுத்தார். போன இடமெல்லாம் எம்எல்ஏவைப் பார் என்றார்கள். நான்கு முறை போனார், பார்க்க முடியவில்லை.

"எம்எல்ஏவப் பாரு, எம்எல்ஏவப் பாருன்னாவ. பாக்கவே முடியாத ஒருத்தன் அங்க இருந்தா என்ன, நான் இருந்தா என்ன?" என்றார் அம்மாவிடம். சருவத்துக்கு மேலே குனிந்து சாளையை எண்ணிக்கொண்டே சொன்னாராம்.

சுயேச்சைக்கு அந்தத் தொகுதி வாக்காளர்கள் பத்துப் பேர் முன்மொழிய வேண்டும். கடற்கரையில் ஒரே காலையில் பத்துக் கையெழுத்து வாங்கியிருக்கலாம். அவர் வாங்கியது பத்து ஊர்களில், பத்துப் புறவாசல்களில். மயிலாடியில் கல்லுளி பிடிக்கிறவரின் மனைவி, கோட்டாற்றிலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு முஸ்லிம் பெண், அங்கன்வாடி ஆயா, என் அம்மா. எல்லாம் அவருக்குச் சருவம் இறக்கிவிடுகிறவர்கள்.

ஒரு கண்ணில் பச்சைத் துணியோடு உட்கார்ந்திருந்த அம்மாவிடம், எதில் கையெழுத்துப் போட்டாய், படித்துப் பார்த்தாயா என்று கேட்டேன்.

"ஒத்தக் கண்ணு வச்சிட்டு என்னத்தப் படிக்க? இருபத்தாறு வருசமா மீன மோந்து பாத்தா வாங்குகேன்? நல்லதுன்னு அவ சொன்னா வாங்குகேன்."

மனு நிரப்புவது எங்கள் அடுக்களையில், அப்பா மதியம் தூங்கும் நேரத்தில் நடந்தது. கூடவே ஒரு உறுதிமொழிப் பத்திரம். இங்கே ஐந்தோவனில் ஏழு வருடம் அரசுப் படிவங்கள் நிரப்பியிருக்கிறேன். அவை எல்லாம் நான் பொய் சொல்லக்கூடும் என்ற சந்தேகத்தோடு எழுதப்பட்டவை. இந்தப் பத்திரம் அதற்கும் மேலே. தொழிலுக்கு ஒரு வரி. குற்ற வழக்குகளுக்குப் பக்கம் பக்கமாக இடம். ஒவ்வொரு கட்டத்திலும் "இல்லை" என்று எழுதிக்கொண்டு போனேன். வியாகுலமேரி எட்டிப் பார்த்தார்.

"கேஸுக்கு இம்புட்டு எடம் விட்டிருக்காவளே மக்கா. ஒண்ணுமே இல்லன்னு எழுதினா கோவிச்சுக்கிடுவாவளோ?"

சமூக ஊடகக் கணக்குகள் என்ற இடத்தில் அது என்ன என்று கேட்டார். சொன்னேன். தொண்டை என்று எழுது என்றார். "இல்லை" என்று எழுதினேன். என்னோடு ஊருக்கு வந்திருந்த ஹன்னா அதுவரை கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கற்ற தமிழில், "நீங்கள் ஏன் மணி அடித்து வரவில்லை?" என்று கேட்டாள்.

வியாகுலமேரிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இவ என்னட்டி ரேடியோ மாதிரி பேசுகா? மணி முன்னாலல்லா இருக்கு மக்கா" என்றவர், சருவத்திலிருந்து ஒரு சாளையை எடுத்து அவள் உள்ளங்கையில் வைத்தார். ஹன்னா அதன் கண்ணை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

மனுத்தாக்கலுக்கு நானும் போனேன். அதிகாரி எழுந்து நின்று, உட்காருங்கம்மா என்றார். எங்கள் வீட்டில் இருபத்தாறு வருடத்தில் வியாகுலமேரியை யாரும் உட்காரச் சொன்னதில்லை என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. அவர் உட்காரவில்லை. நின்றுகொண்டே, கடவுளறிய என்று தொடங்கும் உறுதிமொழியை வாசித்தார். ஐந்தாம் வகுப்புப் படிப்பு. ஒவ்வொரு சொல்லாக, விரல் வைத்து, ஆனால் ஒன்றைக்கூட விழுங்காமல் வாசித்தார். இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் நிலைநிறுத்துவேன் என்று அவர் முடித்தபோது அறையில் தட்டச்சுச் சத்தம் நின்றிருந்தது.

சின்னத்துக்குக் கூடை கேட்டார். அது குலுக்கலில் வேறொருவருக்குப் போயிற்று. அவருக்குக் கிடைத்தது குளிர்சாதனப் பெட்டி. தன் மீன் ஐஸ் கண்டதில்லை என்று தெருவுக்குத் தெரு சொல்லியே வியாபாரம் செய்தவர். அடுத்த தெரு செண்பகம் அக்கா விடவில்லை.

"ஏட்டி மேரி, ஐஸே வைக்கமாட்டேன்னு சாதிச்சிட்டு, இப்போ பிரிட்ஜையே தூக்கிட்டு வந்திருக்கியே."

"மீனுக்கு இல்லக்கா, எனக்கு. நாளு பூரா வெயில்ல நடக்கேன்லா."

இனி என் திட்டம். வாக்காளர் பட்டியலை இணையத்திலிருந்து இறக்கி, தெருவாரியாகப் பிரித்து, வீட்டு எண்ணோடு அட்டவணை போட்டேன். அவரிடம் மூன்று விஷயம் சொன்னேன். பிரச்சாரம் முடியும்வரை மீன் வேண்டாம். முன்வாசல் வழியாகப் போக வேண்டும். படம் போட்ட நோட்டீஸ் கொடுக்க வேண்டும். நீங்கள் வேட்பாளர், சமமாக நின்று கேளுங்கள் என்றேன். அது நியாயம் என்று இப்போதும் நினைக்கிறேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, படிச்ச பிள்ள சொல்லுகா என்று சரி சொன்னார்.

மறுநாள் கஞ்சி போட்ட பருத்திச் சேலையில் வந்தார். சருவம் இல்லை. தலையில் சுருட்டிய துணிச் சும்மாடு இல்லை. இரண்டு கையையும் எங்கே வைப்பது என்று தெரியாமல் நடந்தார். முன்வாசல்களில் ஆண்கள் வந்தார்கள். நோட்டீஸை மரியாதையாக வாங்கி, பாப்போம் என்றார்கள். செண்பகம் அக்கா வீட்டில் அவர் கணவர் வந்தார். உள்ளேயிருந்து யாரு என்று அக்கா கேட்ட குரல் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது. ஓட்டுக் கேட்டு யாரோ வந்திருக்கா என்று அவர் பதில் சொன்னதும் கேட்டது. அக்கா வெளியே வரவில்லை. யாரோ என்றால் யார் வருவார்கள்?

அன்றைய கணக்கை எழுதி வைத்திருக்கிறேன். போன வீடு நாற்பத்தாறு. கொடுத்த நோட்டீஸ் நாற்பத்தாறு. பேசிய பெண்கள் மூன்று. மூன்று பேரும் கேட்டது, இன்றைக்கு மீன் ஏன் இல்லை, இப்படி முன்கூட்டிச் சொல்லாமல் விட்டால் சோற்றுக்கு என்ன வைப்பது என்று.

பேருந்து நிறுத்தத்தில் உட்கார்ந்து அவர் செருப்பைக் கழற்றினார். வழக்கமாகச் செருப்பில்லாமல் நடக்கிறவர். எனக்காகப் போட்டிருந்தார்.

"உனக்க கணக்கு செரிதான் மக்கா. ஆனா முன்பக்கம் எனக்கு ஆளத் தெரியாது. அந்த வீடுவ எல்லாம் முன்னால என்ன நெறமுன்னு இன்னைக்குத்தான் பாத்தேன்."

அடுத்த நாள் காலை புறவாசலில் அவர் குரல் கேட்டது. சருவம் நிறைய நெத்திலி. நானும் வருகிறேன் என்று கிளம்பினேன். அன்று பார்த்ததை எப்படி எழுதினாலும் குறையும்.

சருவத்தை இறக்கும்போது இரண்டு பெண்களின் முகமும் ஒரு சாண் இடைவெளியில் இருக்கிறது. நான்கு கைகளும் விளிம்பில். வேறு யாரும் அருகில் இல்லை. அப்போதுதான் அவர் பேசுகிறார். வீட்டுக்கு மூன்று வாக்கியம். எந்த வீட்டிலும் அதே மூன்று இல்லை. காலையில் வேலைக்குப் போகும் மருமகள் இருக்கும் வீட்டில் ஏழு மணி மீனைப் பற்றிச் சொன்னார். மகள் நாகர்கோவிலுக்குக் கல்லூரிக்குப் போகும் வீட்டில், அதே பேருந்தில் பெண்பிள்ளைகளும் போகலாம் என்றார். ஓட்டுப் பெட்டியில் கடைசிக்கு முந்தின பெயர், பிரிட்ஜ் படம் என்பதை மட்டும் எல்லோரிடமும் சொன்னார். யாரிடமும் சத்தியம் கேட்கவில்லை. பதிலுக்குக்கூடக் காத்திருக்கவில்லை. உடனே மீன் பேச்சுக்குப் போய்விடுவார்.

ஒரு வீட்டில் தேர்தலைப் பற்றி மூச்சே விடவில்லை. வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

"அந்த அக்காவுக்க ஓட்டு அவ கையில இல்ல. நான் கேட்டா இல்லன்னு சொல்லணும். பொறவு என் மொகத்தப் பாக்கக் கஷ்டப்படுவா."

என் அட்டவணையில் வீட்டு எண் இருந்தது, வயது இருந்தது, சாவடி எண் இருந்தது. எங்கே கேட்கக் கூடாது என்று ஒரு பத்தி இல்லை. நடுவில் ஒரு வீட்டில் நான் சருவத்தை வாங்கி என் தலையில் வைத்துப் பார்த்தேன். பத்து அடி நடந்திருப்பேன். கழுத்து நரம்பு இழுத்த வலி ஐந்தோவனுக்குத் திரும்பும் விமானத்திலும் இருந்தது.

நடந்துகொண்டிருந்தபோது அவர் எதைப் பணயம் வைத்திருக்கிறார் என்பதும் புரிந்தது. அந்த எண்பது வீடுதான் அவருடைய பிழைப்பு. கணவர் இல்லை, இரண்டு மகன்களில் ஒருவன் வளைகுடாவில், ஒருவன் படகில், இருவருக்கும் தனித்தனிக் குடும்பம். ஒரு கட்சி வேட்பாளர் தோற்றால் தேர்தலைத்தான் இழப்பார், அவருக்குத் தொழில் இருக்கும். இவர் ஓட்டுக் கேட்டதாலேயே ஒரு புறவாசல் மூடினால், மூடியதுதான். அதற்குப் பதில் இன்னொரு வீடு தேட எத்தனை வருடம் ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

மூடத் தொடங்கின. ஐந்தாவது நாள் அப்பாவைப் பார்க்க ஒருவர் முன்வாசல் வழியாக வந்தார். அப்பாவின் பழைய நண்பர், ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பில் இருப்பவர். காப்பி குடித்தார். தேர்தல் அலுவலகப் பலகையில் ஒட்டியிருந்த முன்மொழிந்தவர்கள் பெயரைக் கைபேசியில் படம் பிடித்து வைத்திருந்தார். அதை அப்பாவிடம் காட்டினார். இந்தப் பெண் நூறு இருநூறு பிரித்தாலும் எங்களுக்கு அடி, நம் ஆட்கள் வீடுகளில் இனி அவளிடம் வாங்கப் போவதில்லை, உங்கள் வீட்டிலும் சொல்லிவையுங்கள் என்றார்.

அவர் போனதும் அப்பா அடுக்களைக்கு வந்தார். அப்பா கோபக்காரர் இல்லை. நடுங்கிப்போயிருந்தார் என்று நினைக்கிறேன்.

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லணும்னு தோணல்லியா உனக்கு?"

அம்மா கறுப்புக் கண்ணாடிக்குள்ளிருந்து பார்த்தார். "இம்புட்டு வருசத்துல இது என்ன மீனுன்னு என்னைக்காவது கேட்டியளா? கொழம்பு வந்தா தின்னிய. இதையும் அப்படியே விடுங்க."

அப்பா விட்டுவிட்டார். ஆனால் வேறு வீடுகளில் அப்படி விடவில்லை. வாக்குப்பதிவுக்கு முந்தின வாரத்துக்குள் பதினொரு வீடுகள் வாங்குவதை நிறுத்தியிருந்தன. செண்பகம் அக்கா வீடும் அதில் ஒன்று. நான் பயந்துபோய் வியாகுலமேரியிடம், இப்போது விலகவும் முடியாது, ஓட்டுக் கேட்பதையாவது நிறுத்திவிடுங்கள் என்றேன். அவர் ஓட்டுக் கேட்பதை நிறுத்தவில்லை. அந்தப் பதினொரு புறவாசலுக்குப் போவதையும் நிறுத்தவில்லை. கனத்தோடு போய் நிற்பார். ஒருமுறை குரல் கொடுப்பார். உள்ளே பாத்திரச் சத்தம் நிற்கும். யாரும் வரமாட்டார்கள். சருவத்தை இறக்காமலே திரும்பி அடுத்த வீட்டுக்கு நடப்பார்.

"வாங்காட்டி போட்டு. நான் கோவிச்சுக்கிட்டு வரல்லன்னு அவ நெனைக்கக் கூடாது."

விடுமுறை முடிந்து வாக்குப்பதிவுக்கு முன்பே திரும்பிவிட்டேன். வாக்கு எண்ணிய நாளன்று வேலையில் இருந்தேன். தேர்தல் இணையப் பக்கத்தை நிமிடத்துக்கொரு தரம் புதுப்பித்துக்கொண்டிருந்தேன். வியாகுலமேரி பெயர் பட்டியலின் கீழ்ப்பகுதியில், கீழேயே இருந்தது. வைப்புத்தொகை போயிற்று. ஜெயித்தவருக்கும் அவருக்கும் உள்ள தூரம் எந்த அட்டவணையாலும் தாண்ட முடியாதது.

சில வாரம் கழித்துச் சாவடிவாரியான கணக்கு வெளியானது. சாய்வாக ஸ்கேன் செய்த பக்கங்கள். ரயிலில் அதைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் படித்தேன். பெரும்பாலான சாவடிகளில் அவருக்கு நேரே பூஜ்யம், ஒன்று, பூஜ்யம், இரண்டு. பிறகு திடீரென்று முப்பது, நாற்பது. மறுபடி பூஜ்யம். வீட்டுக்கு வந்து, இரட்டை இலக்கம் வந்த சாவடிகளை மட்டும் வரைபடத்தில் குறித்தேன். ஹன்னா பக்கத்தில் நின்று புள்ளிகளைப் பென்சிலால் சேர்த்தாள். கடற்கரையில் தொடங்கி, மயிலாடியைத் தொட்டு, வயல்களுக்குள் வளைந்து, எங்கள் தெரு வழியாகப் பூதப்பாண்டிப் பக்கம் போய் முடிந்தது அந்தக் கோடு. அவர் நடக்கும் வழி. இருபத்தாறு வருடம் காலால் போட்டது, அரசாங்கக் காகிதத்தில் அப்படியே விழுந்திருந்தது.

செண்பகம் அக்கா தெருவில் மீனை நிறுத்திய வீடுகள் ஆறு. வியாகுலமேரி அந்தத் தெருவில் மீன் கொடுத்துவந்த வீடுகள் மொத்தம் பத்து. அந்தத் தெருவாரின் சாவடியில் அவருக்கு விழுந்தது இருபத்தேழு. யார் போட்டார்கள் என்று யாருக்கும் தெரியாது. தெரியக் கூடாது என்றுதானே அந்தப் பெட்டிக்கு மறைப்பு வைத்திருக்கிறார்கள். மீதி நான்கு வீடுகளில் அத்தனை ஓட்டு கிடையாது என்பது மட்டும் எனக்குத் தெரியும்.

முடிவு வந்த மறுநாள் காலை நடந்ததை அம்மா தொலைபேசியில் சொன்னார். வழக்கமான நேரத்தில் புறவாசலில் குரல். அம்மா கையைத் துடைத்துக்கொண்டு எழுவதற்குள் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு, அடுக்களை வழியாக, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே போனாராம். சருவத்தை இறக்க. எங்கே பிடிப்பது என்று தெரியாமல் அடியில் கையைக் கொடுத்து, மீன் தண்ணீர் முழுக்கச் சட்டையில்.

"சாரே, விளிம்பப் பிடியுங்க" என்றாராம் வியாகுலமேரி. வேறு எதுவும் இருவரும் பேசவில்லை. அன்றைக்கு அப்பா, இது என்ன மீன் என்று கேட்டாராம். வங்கடை.

அம்மா அவரை, இனி முன்னால வா, உள்ள வந்து உக்காரு என்று கூப்பிட்டுப் பார்த்திருக்கிறார். அவர் அடுக்களைப் படியில் உட்கார்ந்தார். காப்பி குடித்தார். முன்பக்கம் வரவில்லை. முன்னால வந்தா சாரோடல்லா பேசிக்கிட்டு இருக்கணும், உங்ககிட்ட எப்படிப் பேச என்றாராம்.

கோரி சொன்ன நாளிலிருந்து இதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் புறவாசல் கோரியின் பின்கதவு ஆகாது. அந்தக் கல்லில் தண்ணீர் ஊற்றிய கை என்னுடையது. அது என்ன என்று எனக்குத் தெரியும். முன்பக்கம் வரக் கூடாது என்று வைத்த வழியில் வந்த ஒருவர், அந்த வழியிலேயே எண்பது வீட்டுக்குள்ளும் போய்ச் சேர்ந்திருக்கிறார். நாங்கள் அவரை வெளியே நிறுத்தியிருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தோம். சமமாக நிற்க முன்வாசலுக்கு வாருங்கள் என்று நான் அவரைக் கூப்பிட்டபோது, அவருக்கு ஆள் தெரியாத இடத்துக்குக் கூப்பிட்டேன். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வெட்கம் முதலில் வருகிறது, அதைவிடப் பெரிதாக ஒரு பிரமிப்பு பின்னால் வருகிறது.

சென்ற ஞாயிற்றுக்கிழமை கோரி வீட்டுக்குத் தோட்டத்துப் பாதை வழியாகப் போனேன். கதவில் கை வைத்துவிட்டு, திறக்காமல் ஒரு நிமிடம் நின்றேன். ஹன்னா என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்றைய நிலவரம்: ஆறேகால் பேருந்து இன்னும் விடப்படவில்லை. புதிய எம்எல்ஏவிடம் மனுக் கொடுக்கப்பட்டிருக்கிறது. அதில் வியாகுலமேரியோடு கையெழுத்துப் போட்டிருக்கும் பெண்கள் பல ஊர்க்காரர்கள். அம்மா இந்த முறை படித்துப் பார்த்துவிட்டுப் போட்டார். நிறுத்திய பதினொரு வீடுகளில் எட்டு மறுபடி வாங்குகின்றன. செண்பகம் அக்கா வீடும் இன்னும் இரண்டு வீடுகளும் வாங்குவதில்லை. அந்த மூன்று புறவாசலிலும் வியாகுலமேரி தினமும் போய் நின்று, ஒருமுறை குரல் கொடுத்துவிட்டுத்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறார்.